ஒன்பது குழாய்கள்: கான் சாருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஃபஸ்லுர் ரஹ்மான் கான் சார்,

வணக்கம். சென்னையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். 1982 மார்ச்சில் ஜெட்டாவில் மாரடைப்பு வந்து, 52 வயதில் நீங்கள் காலமானபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் உங்களுக்கு எழுதத் தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக நீங்கள் சிகாகோவில் எழுப்பிய சியர்ஸ் டவரைக் கட்டிப் பார்த்தோம்.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பழைய மாதக் காலண்டர் தாள்களைச் சுருட்டி ஒன்பது குழாய்கள் செய்தோம். முதலில் ஒற்றைக் குழாயை நிறுத்தி, டேபிள் ஃபேனை ஒன்றில் வைத்தாள். உடனே சாய்ந்துவிட்டது. அப்புறம் ஒன்பதையும் வரிசைக்கு மூன்றாக அடுக்கி, பசை தடவி, மேலும் கீழும் ரப்பர் பேண்டு போட்டோம். ஃபேனை மூன்றில் வைத்தும் நகரவில்லை. “இவ்வளவுதானாப்பா?” என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். சிகாகோவில் 110 மாடி, 442 மீட்டர் உயரத்துக்கு எழும்பி, 1973 முதல் கால் நூற்றாண்டு உலகிலேயே உயரமான கட்டடம் என்று பெயர் வாங்கிய கோபுரத்தின் அடிப்படை இதுதான்.

உயரமான கட்டடத்துக்குத் தன் எடையைவிடக் காற்றைத் தாங்குவதுதான் பெரிய பாடு. பழைய கோபுரங்களில் உள்ளே எங்கு பார்த்தாலும் தூண்கள் இருக்கும். நீங்கள் தூண்களை வெளிச்சுவருக்குக் கொண்டுபோய் நெருக்கமாக நிறுத்தி, கனமான பீம்களால் பிணைத்தீர்கள். மொத்தக் கட்டடமும் ஒரு மூங்கிலைப் போல ஆகிவிட்டது. ஆனால் மூங்கில் ரொம்பப் பருத்தால் வேறு சிக்கல் வருகிறது. மூலைத் தூண்கள் பாரத்தைச் சுமக்கும், சுவரின் நடுவில் நிற்கும் தூண்கள் அவ்வளவாக வேலை செய்யாது. அதற்குத்தான் ஒன்பது குழாய்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 75 அடி உள்ள சதுரம். இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒரே தூண் வரிசை இரண்டுக்கும் பொதுச்சுவர். அந்த உள்சுவர்கள் நடுத் தூண்களையும் வேலை வாங்கிவிடுகின்றன.

நான் மாணவனாக இருந்தபோது என்னை அசரவைத்த கணக்கு ஒன்று உண்டு. 1931-ல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குத் தரைப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 206 கிலோ எஃகு பிடித்தது. அதைவிட 61 மீட்டர் உயரமான உங்கள் கோபுரத்துக்குச் சுமார் 161 கிலோதான். உயரம் கூடியிருக்கிறது, எஃகு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது! எஸ்டிமேட் போடுகிற எவருக்கும் இதன் அருமை தெரியும்.

கோபுரம் படிப்படியாக ஒடுங்குவதை வெறும் அழகுக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் கட்டடத்தைக் கட்டவைத்த சியர்ஸ் என்ற வணிக நிறுவனத்துக்குத் தன் ஊழியர்களை உட்காரவைக்கக் கீழே அகலமான தளங்கள் தேவைப்பட்டன. மேலே வாடகைக்கு விடச் சின்னத் தளங்கள் போதும். அதனால் 50-வது மாடியில் இரண்டு குழாய்கள் நின்றுவிடுகின்றன, 66-ல் இன்னும் இரண்டு, 90-ல் மூன்று. மிச்சம் இரண்டு மட்டும் உச்சி வரை போகின்றன. உங்கள் கூட்டாளி, கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாம், கையில் ஒரு கொத்து சிகரெட்டை ஏற்ற இறக்கமாகப் பிடித்து இந்த வடிவத்தை உங்களுக்குக் காட்டினார் என்று சொல்வார்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு முன் நீங்கள் கட்டிய ஜான் ஹான்காக் சென்டரின் கதைதான். நூறு மாடி, மேல் மாடிகளில் வீடுகள். காற்றில் எவ்வளவு அசைந்தால் குடியிருப்பவருக்கு அது தெரியும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில் துவைக்கும் இயந்திரக் கண்காட்சிக்கென்று ஒரு சுழல்மேடை இருந்தது. அதில் ஆட்களை நிற்கவைத்தும், உட்காரவைத்தும், படுக்கவைத்தும் மெல்ல அசைத்துப் பார்த்தீர்கள். கட்டடம் விழாமல் நிற்பது ஒரு கணக்கு. அதற்குள் படுத்திருப்பவருக்கு வயிற்றைப் புரட்டாமல் இருப்பது இன்னொரு கணக்கு. எங்கள் அலுவலகத்தில் முதல் கணக்கைத்தான் நாள் முழுக்கப் போடுகிறோம். இரண்டாவதையும் போட வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது உங்களிடம்தான்.

சியர்ஸ் டவர் எழும்பும்போதே ஒரு வழக்கும் வந்தது. கோபுரம் மறைத்துத் தங்கள் டிவியில் படம் சரியாக விழாது என்று அக்கம்பக்கத்து ஊர்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 1972-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் கட்டடத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு தொலைக்காட்சி நிலையங்களே தங்கள் ஆன்டெனாக்களை அதன் உச்சிக்குக் கொண்டுவந்தன.

1971-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்காவில் கணக்கு வாத்தியார் மகனாகப் பிறந்து, கல்கத்தா பக்கம் ஷிப்பூரில் படித்து, 1952-ல் உதவித்தொகையில் இல்லினாய் போனவர் நீங்கள். கோபுரம் மாடி மாடியாக வளர்ந்த அதே நாட்களில் வங்கதேச விடுதலைப் போரில் உங்கள் ஊர் பற்றி எரிந்துகொண்டிருந்தது. சிகாகோவில் வங்காளிகளைத் திரட்டி, நிதி சேர்த்து, அமெரிக்க அரசியல்வாதிகளிடம் வங்கதேசத்துக்காகப் பேசினீர்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர் அதற்குள்ளேயே தொலைந்துபோகக் கூடாது, வாழ்க்கை என்றால் கலை, இசை, எல்லாவற்றுக்கும் மேல் மனிதர்கள் என்று நீங்கள் சொன்னதை, இதை அறிந்த பிறகுதான் முழுதாக நம்பினேன்.

உங்களுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1998-ல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்கள் முதலிடத்தைப் பிடித்தன. அவற்றின் மாடிகள் 88-தான், கூர்முனையையும் சேர்த்து அளந்ததால் முந்தின. 2009-ல் உங்கள் கோபுரத்துக்கு வில்லிஸ் டவர் என்று பெயர் மாற்றினார்கள். மறு ஆண்டு துபாயில் 828 மீட்டரில் புர்ஜ் கலீஃபா திறந்தது. அதை வடிவமைத்தது நீங்கள் வேலை பார்த்த அதே நிறுவனம். ஒன்றையொன்று முட்டுக்கொடுக்கும் மூன்று இறக்கைகள், மேலே போகப் போக ஒவ்வொன்றாக நின்றுவிடும் அடுக்குகள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஒன்பது குழாய்கள்தான் நினைவுக்கு வரும்.

மகளின் கோபுரம் இப்போது டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. நேற்று கத்தரிக்கோலால் இரண்டு குழாய்களைப் பாதியில் வெட்டினாள், 50-வது மாடியாம். அடி அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் உங்கள் பெயரை எழுதியிருக்கிறாள். ஃபஸ்லுர் என்பதில் முதலில் ‘லு’வை விட்டுவிட்டாள், பிறகு மேலே சின்னதாகச் சேர்த்திருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர்