ஒத்த ஆளா நிக்க விடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உசிலம்பட்டி பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதுறேன். பத்தாவது பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் இங்க சில வீடுகள்ல பொம்பளப்பிள்ளைக்கு மாப்பிள்ளை பேச ஆரம்பிச்சிருறாங்க, கேட்டா தாய்மாமன் மகன், சொந்தம் விட்டுப்போகக் கூடாதும்பாங்க. 18 வயசு ஆகணும்னு எல்லாருக்கும் தெரியும், குழந்தைகளுக்கு ஆபத்துன்னா கூப்பிடுற 1098 நம்பரும் தெரியும். அந்தப் போனை யாரு போடுறதுங்கிறதுதான் இங்க பிரச்சனையே.

போன வருஷம் எங்க தெருவுல அப்படி ஒரு கல்யாணம் நின்னுச்சு. அதிகாரிங்க வந்து பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கிட்டுப் போனாங்க, பிள்ளை இப்ப பதினொண்ணாவது படிக்குது. ரொம்ப சந்தோஷம். ஆனா அன்னைக்கு சாயங்காலத்துல இருந்து ஊரு கேட்டது 'எவ போட்டுக்குடுத்தா'ன்னுதான், சந்தேகம் மகளிர் குழு அக்கா ஒருத்தங்க மேல விழுந்துருச்சு, அவங்க குடத்தைத் தூக்கிட்டு குழாயடிக்கு வந்தா மத்தவங்க பேச்சை நிப்பாட்டிருவாங்க, சொந்தக்காரங்க விசேஷத்துக்கே பத்திரிகை வைக்கல. கடைசியில அவங்க குழுவை விட்டே ஒதுங்கிட்டாங்க. அடுத்த தடவை யாரு வாயத் திறப்பா சொல்லுங்க?

1986ல பொம்பளப்பிள்ளை சிசுக்கொலைன்னு உசிலம்பட்டி பேரு நாடு பூராம் அடிபட்டுச்சு, 1992ல அரசாங்கம், வேண்டாம்னு நினைக்கிற பிள்ளையைக் கொல்லாம அரசுத் தொட்டில்ல விட்டுட்டுப் போகட்டும்னு தொட்டில் குழந்தை திட்டம் கொண்டுவந்துச்சு. ஆனா கர்ப்பிணி வீடுகளுக்குப் போய் மாமியாரையும் உக்கார வச்சுப் பேசினது மகளிர் சங்கத்துப் பொம்பளைங்கதான், கூட்டமா போனாங்க, அதனால தாக்குப்பிடிச்சாங்க.

இப்பவும் அந்த மாதிரி ஆள் சேக்கணும். பொம்பளைங்க மட்டும் போதாது. மண்டபக்காரர், பந்தக்காரர், பத்திரிகை அடிக்கிற பிரஸ்காரர், சமையல் மாஸ்டர் எல்லாரும் பொண்ணோட வயசு சர்டிபிகேட் பாக்காம அட்வான்ஸ் வாங்க மாட்டோம்னு சொன்னாலே பாதிக் கல்யாணம் நின்னுரும். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைக்கிறவங்க, உடந்தையா இருக்கிறவங்களுக்கும் 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம் இருக்குங்கிறதை அவங்ககிட்ட யாரும் எடுத்துச் சொன்னதே இல்ல. முக்கியமா தாய்மாமன்மாரைக் கூப்பிடணும், எங்க பக்கம் அவங்க சொல்லுக்குத்தான் மதிப்பு, 'பிள்ளை படிக்கட்டும்'னு மாமன் ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்பன் மறுபேச்சு பேச மாட்டாரு. ஊராட்சித் தலைவர் தலைமையில குழந்தைகள் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், எங்க ஊர்ல அதுல யாரு இருக்காங்கன்னே தெரியல.

அக்டோபர் 2 கிராம சபையில இதைத் தீர்மானமா கொண்டுவர ஆள் சேத்துட்டு இருக்கோம், குழுவுக்கு யாரு யாருன்னு அங்கேயே பேரு வாசிக்கச் சொல்லிக் கேக்கப் போறோம். முடிஞ்சா உங்க நிருபரை அன்னைக்கு அனுப்பி வைங்க ஐயா, கையெழுத்துப் போட வர்ற ஆம்பளைங்க போட்டோவைப் பேப்பர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, உசிலம்பட்டி வட்டம்