தாய்த் திமிங்கிலம் சத்தம் போடாது

டேய் பாண்டி,

நான் பதிலே போடுவதில்லை என்று அம்மாவிடம் போய்க் கோள் சொன்னாயாமே. சரி, இந்தா, நீளமாகவே எழுதுகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தைத் தவறாமல் போடச் சொல்.

ரைட் திமிங்கிலம் என்று ஒரு வகைத் திமிங்கிலம்; அது கூப்பிடுவதைக் கேட்டுவிட்டேன்டா! ஒரே ஒரு விநாடி. உன் ஹாஸ்டல் குறட்டை மாதிரி அடித்தொண்டையில் ஆரம்பித்துச் சட்டென்று மேலே ஏறுகிறது. கம்ப்யூட்டர் திரையில் அது நுனி நிமிர்ந்த சின்னக் கோடு. வட அட்லாண்டிக்கில் மொத்தமே 400-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குத் தெற்கே, மார்த்தாஸ் வின்யார்டு தீவைத் தாண்டிக் கடலுக்குள், வின்யார்டு விண்ட் என்ற திட்டத்தின் 62 காற்றாலைகளுக்கு இடம். காற்றாலையைத் தாங்கும் தூணைக் கடல் தரையில் அறையும் சத்தம் வெகுதூரம் போகும். அதனால் சத்தத்தைக் குறைக்கச் சுற்றிலும் காற்றுக் குமிழித் திரை போடுகிறார்கள். பக்கத்தில் ரைட் திமிங்கிலம் இருப்பது தெரிந்தால் அறைவதைத் தள்ளிப்போட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் மிதவைகள், கிளைடர்கள் என்ற ஆளில்லாமல் நீருக்குள் போகும் கருவிகள், அடியில் கிடக்கும் ஹைட்ரோஃபோன்கள் என்ற நீரடி மைக்குகள் எல்லாம்.

ஒரே குரல் மூன்று நான்கு கருவிகளுக்கு எட்டினால், எதற்கு முன்னே எட்டியது, எதற்குப் பின்னே என்று பார்த்து இடத்தைக் கணக்கிடலாம். ஆனால் ஒரு கருவி ஒரு கம்பெனியிடம், இன்னொன்று வேறொருவரிடம், கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை என்றால்? எந்தக் கடல் பகுதி எந்தக் கம்பெனிக்குக் குத்தகை என்று திமிங்கிலத்துக்குத் தெரியுமா? இங்கே கம்பெனி, அரசு, பல்கலைக்கழகம், சூழல் அமைப்பு எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே முறையில் பதிவோம், பதிந்ததைப் பொதுவில் வைப்போம் என்று பேசுகிறார்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனாலும் ஒரு கவலை. குட்டியோடு இருக்கும் தாய் அதிகம் சத்தம் போடுவதில்லை. எதிரி காதில் விழக் கூடாதென்று இருக்கலாம். அன்றைக்கு ஒரு கூட்டத்தில் ஒருவர், "பதிவில் ஒன்றுமில்லையே, அப்புறம் என்ன?" என்றார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. நாம் அதிகம் காப்பாற்ற வேண்டிய ஜீவன்தான் வாய் திறக்காமல் போகிறது! விமானத்திலும் கப்பலிலும் கண்ணால் தேடுகிறவர்களை நிறுத்தவே கூடாது.

மன்னார் வளைகுடாவிலும் காற்றாலை போடும் பேச்சு இருக்கிறதே. முதல் தூண் இறங்கும் முன்பே அங்கே கடல் எப்படி ஒலிக்கிறது என்று பதிந்து வைக்க வேண்டும். இறங்கிய பிறகு பதிந்தால் எதோடு ஒப்பிடுவது? தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் யாராவது இதைச் செய்கிறார்களா என்று உன் தம்பியிடம் கேட்டு எழுது. மறந்துவிடாதே.

உன்
குமார்