மேலே நாலு வரி

அன்புள்ள சேகர்,

தாளின் தலையில் நாலு வரி காலியாகக் கிடக்கிறதே என்று பார்க்காதே. நலம் விசாரிப்பதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. இப்போது சின்னவள் பாணியில் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறேன். (அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், அது வேறு கதை.)

பத்தாவது படிக்கிறாள். தமிழில் மற்றதெல்லாம் மளமளவென்று எழுதிவிடுவாள். எட்டு மதிப்பெண் கட்டுரை என்றால் மட்டும் கை வேர்த்துவிடும். போன ஞாயிறு ‘நீர் மேலாண்மை’ என்று தலைப்பு. ‘முன்னுரை’ என்று எழுதி அடிக்கோடு போட்டவள், முக்கால் மணி நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வான்சிறப்பில் எந்தக் குறளைப் போடுவது என்று குழப்பமாம். பத்தும் மனப்பாடம், அதுதான் தொல்லையே!

நோட்டை வாங்கி மூடினேன். “2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வற்றியபோது நம் தெரு எப்படி இருந்தது, சொல்லு” என்றேன். அப்போது நாலாவது படித்தவள். எனக்கு மறந்ததெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. லாரி ஹாரன் கேட்டதும் குடத்தோடு ஓடியது, அரிசி களைந்த தண்ணீர் துளசிக்குப் போனது, கீழ்வீட்டுக்காரரோடு அவள் அம்மா போட்ட சண்டை. அவள் சொல்லச் சொல்ல, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். 2003ல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, நீயும் நானும் கடப்பாரை பிடித்துக் குழி தோண்டிக் கை கொப்பளித்த கதையையும் சொன்னேன். உன்னை நினைத்துத்தான் அதிகம் சிரித்தாள்.

தாளை அவளிடம் கொடுத்தேன். “சண்டையை எடுத்துவிட்டால் மீதியெல்லாம் பொருளுரை. முன்னுரைக்கு ஆறு வரி விட்டுவிட்டு இதிலிருந்து ஆரம்பி.”

இருபது நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம். குறளைக் கடைசியில் ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டாள். நேற்று இன்னொரு கட்டுரை. மறுபடி கை வேர்த்ததாம், ஆனால் நான் சொல்லாமலே ஆறு வரி விட்டிருந்தாள். நம் காலத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்ட முன்னுரையை நாற்பது பேரும் அப்படியே எழுதினோம். பயமும் இல்லை, கட்டுரையும் இல்லை.

சரி, அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டதா? இதைத்தான் மேலே எழுத நினைத்தேன். கேட்க வேண்டியதை எண்ணிப் பார்த்தால் நாலு வரி போதாது போலிருக்கிறது. ஞாயிறு காலை ஃபோன் செய்கிறேன், எடு.

உன்,
மணி