இசட்57.1

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

பொங்கலுக்கு வந்தபோது நீ மேசையில் விட்டுச் சென்ற மருத்துவப் பரிசோதனைத் தாளை அம்மா பார்த்துவிட்டாள். அதில் 'இசட்57.1' என்ற எண்ணும் எதிரே கதிர்வீச்சு என்ற சொல்லும் இருந்ததைப் படித்ததிலிருந்து அவளுக்கு உறக்கமில்லை. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் இது நோயின் பெயரே அல்ல, வேலையின் காரணமாகக் கதிர்வீச்சுக்கு ஆளாகிறவர் என்று குறித்துவைக்கும் எண் மட்டுமே, கதிர்வீச்சு நோய்க்கு டி66 என்று தனி எண் உண்டு, அது வர உடல் முழுதும் ஒரே வேளையில் ஏறக்குறைய 1,000 மில்லிசீவர்ட் அளவு கதிர்வீச்சு விழ வேண்டும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் சமாதானமாகிவிட்டாள். நான்தான் ஆகவில்லை.

ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பை நீ நெருங்கமாட்டாய் என்று தெரியும்; என் மகள், எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய அடைப்பை நீக்கும் கேத் லேபில் இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொள்கிறவனும் நான்தான். ஆனால் புற்றுநோயைப் பொறுத்தவரை இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று கோடு கிழிக்க முடியாது. டோஸ் கூடக்கூட வாய்ப்பும் கூடும் என்றே கொள்ள வேண்டும். ஆகவே தள்ளி நில். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால்பங்குதான் விழும்.

இன்னொன்று. கருவுற்றதை அறிவித்த நாளிலிருந்து குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அறிவிக்காதவரை அந்த விதி யாரையும் காக்காது. பொங்கலன்று நீ காப்பியைத் தொடவே இல்லை. அப்படி ஏதேனும் இருந்தால், எங்களிடம் சொல்லாவிட்டாலும் போகிறது, உன் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடு. போனை எடுக்காத பிள்ளைக்கு வேறு எப்படிச் சொல்வது? தள்ளி நில்.

டோஸைப் பதியும் பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் மாட்டிக்கொள் என்று எழுத வந்து, கை நின்றுவிட்டது. எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் நான் அதை ஒழுங்காக மாட்டியதில்லை. கூட்டம் மிகுந்த நாட்களில் அதை படத்தில் இடம் வலம் குறிக்கும் 'எல்', 'ஆர்' மார்க்கர்கள் கிடக்கும் இழுப்பறையிலேயே போட்டுவிட்டு, உதவியாளரைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, அழும் குழந்தைகளை நானே பிடித்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறேன். முப்பது ஆண்டும் என் பதிவேட்டில் பூஜ்யம். அதைத்தான் உன்னிடம் பெருமையாகக் காட்டினேன். கண்புரைக்கு 0.5 கிரே அளவு கதிர்வீச்சு கண்ணில் விழுந்தாலே போதும் என்று பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையமான ஐ.சி.ஆர்.பி. 2011இல் வரம்பைக் குறைத்தது. என் இடக்கண்ணைப் பார்த்த மருத்துவர், இதுவரை எவ்வளவு வாங்கியிருப்பீர்கள் என்று கேட்டார். வயதினாலா வேலையினாலா என்று சொல்ல என்னிடம் கணக்கே இல்லை. இழுப்பறை வாங்கிய டோஸ்தான் பதிவேட்டில் இருக்கிறது.

உன் பேட்ஜ் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

அப்பா