யார் சொன்னது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆங்கில இலக்கியத்துக்கு வினாத்தாள் எடுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பி.ஏ. ஆங்கிலம் படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்துக்கான கைடை என்னிடம் நீட்டினாள். கடைசிப் பக்கங்கள் முழுக்க மேற்கோள்கள். யார் சொன்னது, யாரிடம், எந்தக் காட்சி. "இதை மனப்பாடம் பண்ணினா பாஸ் மாமா" என்றாள். நாடகத்தை வாசித்தாயா என்று கேட்டேன். சிரித்தாள். அவள்மேல் தப்பில்லை, நீங்கள் கேட்பதைத்தானே அவள் படிக்க முடியும்?

"கோழைகள் சாவுக்கு முன்பே பலமுறை சாகிறார்கள்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சீசர் தன் மனைவி கல்பர்னியாவிடம் சொல்வது, இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. சரி, முழு மதிப்பெண். ஆனால் வசனம் பேசிய கொஞ்ச நேரத்திலேயே அவள் மண்டியிட்டுக் கெஞ்ச, வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறார் அந்த வீரர். அப்புறம் சீசரைக் கொல்லத் திட்டமிட்ட சதிகாரர்களில் ஒருவனான டீசியஸ் வருகிறான். சீசரின் சிலையிலிருந்து இரத்தம் கொட்டியதாக அவள் கண்ட கனவுக்கு நல்ல பலன் சொல்கிறான். இன்றைக்கு ரோமின் ஆட்சி மன்றமான செனட் கிரீடம் தரப்போகிறது, வராவிட்டால் மனசு மாறிவிடும் என்கிறான். உடனே சீசர் மேலங்கியை எடுத்து வரச் சொல்கிறார். இதை விட்டுவிட்டு அந்த வரிக்கு என்ன பொருள் விளக்குவது?

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் சன்னி வெங்கடரத்னம் என்ற கைதி ஒரு ஷேக்ஸ்பியர் தொகுப்பைத் தீபாவளி வாழ்த்து அட்டைகள் ஒட்டி மறைத்து வைத்திருந்தார். 1977 டிசம்பர் 16 அன்று நெல்சன் மண்டேலா அதில் கையெழுத்திட்டது இதே வரிகளுக்குப் பக்கத்தில்தான். சீசரால் காப்பாற்ற முடியாத வசனத்தை அவர் வாழ்ந்து காட்டிக்கொண்டிருந்தார்.

சீசரின் நண்பனாக இருந்தும் அவரைக் கொன்ற சதியில் சேர்ந்த புரூட்டஸ் விஷயம் இன்னும் மோசம். கைடில் அவனுக்கு ஒரே வார்த்தை: உத்தமன். உத்தமன்தான், ஆனால் எடுத்த முடிவெல்லாம் தப்பு. சீசரோடு அவர் நண்பன் ஆண்டனியையும் தீர்த்துவிடலாம் என்கிறான் கூட்டாளி காசியஸ். வேண்டாம் என்கிறான் புரூட்டஸ். சீசரின் இறுதிச் சடங்கில் ஆண்டனியைப் பேச விடாதே என்கிறான் காசியஸ், பேசட்டும் என்கிறான் புரூட்டஸ். பிறகு போர் வரும்போது, எதிரியே நம்மைத் தேடி வந்து களைக்கட்டும் என்கிறான் காசியஸ். அப்போதுதான் புரூட்டஸ் தன் புகழ்பெற்ற வசனத்தை எடுத்துவிடுகிறான்: மனிதர் காரியங்களிலும் கடல் பொங்கும் நேரம் ஒன்று உண்டு, அதில் ஏறிக்கொண்டால் அதிர்ஷ்டம். படை பிலிப்பை என்ற போர்க்களத்துக்குப் போகிறது. இருவருமே அங்கே சாகிறார்கள். தன்னம்பிக்கைப் போஸ்டர்களில் இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காசியஸ் முகம்தான் நினைவுக்கு வரும்.

குத்துப்பட்ட சீசர் கேட்கும் 'யூ டூ புரூட்டஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கடன் தர மறுத்த நண்பனிடம்கூட நாம் சொல்வதுதான். ஷேக்ஸ்பியருக்குக் கதை கொடுத்த பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் நூலில் இந்த வாக்கியம் கிடையாது. அதில் சீசர் புரூட்டஸைக் கண்டதும் அங்கியால் தலையை மூடிக்கொள்கிறார், அவ்வளவே. நாடகத்தில் அந்தக் கேள்விக்கு அடுத்து வரும் "அப்படியானால் வீழ்ந்துபோ, சீசர்" என்பதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

இறுதிச் சடங்கில் ஆண்டனி பேசும் பேச்சில் "புரூட்டஸ் கண்ணியமான மனிதர்" எத்தனை தடவை வருகிறது என்று எண்ணச் சொல்வதில் பயனில்லை. முதல் தடவை அது மரியாதையாகவே கேட்கிறது. கடைசியில் கூட்டத்திலிருந்து ஒருவன், "அவர்கள் துரோகிகள்! கண்ணியவான்களாம்!" என்று கத்துகிறான். அதற்குள் ஆண்டனி செய்ததெல்லாம் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது, சீசர் அடைந்த வெற்றிகளையும் ஏழைகளுக்காக அழுததையும் நினைவூட்டியது, சீசரின் உயில் என்ற காகிதத்தைக் காட்டிவிட்டுப் படிக்காமல் இழுத்தடித்தது. உயிலில் மக்களுக்கு ஆளுக்கு 75 டிராக்மா பணம் என்பது பிறகுதான் வருகிறது. அடுத்த காட்சியில் சின்னா என்ற கவிஞன் தெருவில் மாட்டுகிறான். சதிகாரன் சின்னா நானில்லை என்கிறான். பரவாயில்லை, மோசமான கவிதை எழுதியதற்காகக் கொல்லுங்கள் என்கிறது கூட்டம். கைடில் அவனுக்கு இடமே இல்லை.

அடுத்த வினாத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒன்று சேர்க்க முடியுமா? சீசர் மன்னனாக ஆசைப்பட்டார், அதனால் கொன்றோம் என்று புரூட்டஸ் பேசி முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்த ஒருவன் "இவரையே சீசராக்குவோம்" என்கிறான். புரூட்டஸ் சொன்னதில் அவனுக்கு என்ன புரிந்தது?

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்மாமன்