முதல் வகுப்பு முடிந்தது: தாராவியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும்,

என் மகள் முதல் வகுப்பை முடித்துவிட்டாள். ஏப்ரல் கடைசியில் பள்ளியில் கொடுத்த மதிப்பெண் அட்டை இப்போது எங்கள் வீட்டுச் சாமி படங்களுக்கு நடுவில் இருக்கிறது. மராத்தியில் நல்ல மதிப்பெண். ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது. கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மடலை 2024 ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. தனியார் பள்ளியில் இடம் கிடைப்பது வேறு, அந்த இடத்தில் பிள்ளை ஊன்றி நிற்பது வேறு. நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். நிற்கிறாள்.

நான் மும்பைத் தாராவியிலேயே பிறந்தவள். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். இப்போது தோல் பைகளுக்கு உள்துணி தைக்கிறேன்; பைக்கு இவ்வளவு என்று கூலி. என் கணவருக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆனதிலிருந்து, என் தையல் இயந்திரம் ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். மகன் அதே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். மகளையும் அங்கேயே சேர்ப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் அவளுக்கு நான்கு வயதிலேயே எழுத்தின்மேல் ஒரு வெறி வந்துவிட்டது. கடைப் பலகை, பஸ் எண், பிஸ்கட் உறை என்று எதைக் கண்டாலும் நின்று வாசிப்பாள். அவளுக்கு வேறொரு கதவையும் தட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை எனக்கு வந்தது.

அந்தக் கதவுக்குப் பெயர் ஆர்டிஇ. 2009-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். அதற்கான பணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். இதைத் தாராவியில் அறியாத தாய் கிடையாது. விண்ணப்பம் திறக்கும் மாதத்தில் குழாயடியில் வேறு பேச்சே இருக்காது.

நாங்கள் விண்ணப்பிக்க வேண்டிய ஆண்டில்தான் அந்தக் கதவு சாத்தப்பட்டது. 2024 பிப்ரவரி 9 அன்று மகாராஷ்டிர அரசு விதியைத் திருத்தியது. ஒரு தனியார் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால், அந்தத் தனியார் பள்ளி 25 சதவீதம் ஒதுக்க வேண்டியதில்லை என்றது புதிய விதி. மும்பையில் ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் அதற்கு வெளியே எந்தப் பள்ளி மிஞ்சும்? ஏப்ரலில் விண்ணப்பம் திறந்தபோது பார்த்தேன். எங்கள் வீட்டைச் சுற்றிப் பட்டியலில் வந்தவை எல்லாம் மாநகராட்சிப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும்தான். என் மகன் படிக்கும் பள்ளியும் அதில் இருந்தது. எந்த விண்ணப்பமும் குலுக்கலும் இல்லாமல் கையைப் பிடித்து அழைத்துப் போனாலே சேர்த்துக்கொள்ளும் பள்ளி அது! அன்று இரவு நான் எதுவும் பேசவில்லை. பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கும்போது தனியார் பள்ளிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்ற அரசின் கேள்வியும் எனக்குப் புரியாமல் இல்லை. பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் அதைக் கேட்டுவிட்டு, கர்நாடகத்தில் 2019 முதல் இப்படித்தான் என்றார். அங்கே அந்த விதியை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அதனால் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது.

எனக்கு முகம் தெரியாதவர்களே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. அந்த விதியை எதிர்த்து மும்பை உயர்நீதிமன்றத்துக்குப் போன பெற்றோர்களே, கல்வி இயக்கத்தினரே, உங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களே! நீங்கள் படியேறியபோது என் மகளின் பெயர் உங்களுக்குத் தெரியாது. மே 6 அன்று விதிக்கு இடைக்காலத் தடை வந்தது. அதே மாதம் விண்ணப்பம் புதிதாகத் திறந்தது, தனியார் பள்ளிகளும் பட்டியலில் வந்தன. ஜூலை 19 அன்று தலைமை நீதிபதி தேவேந்திர குமார் உபாத்யாய, நீதிபதி அமித் போர்கர் ஆகியோரின் அமர்வு அந்தத் திருத்தத்தையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் சட்டத்தில் கொடுத்ததை, அந்தச் சட்டத்தின்கீழ் எழுதும் ஒரு விதி பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம் என்று எனக்கு விளக்கினார்கள். தனியார் பள்ளிகள் தரப்பில் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 9 அன்று தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் அமர்வு அதையும் தள்ளுபடி செய்தது. இந்தத் தேதிகளை நான் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் பிறந்தநாளைப் போல இவையும் எங்கள் வீட்டில் நினைவில் நிற்கும்.

நீதிமன்றம் திறந்துவிட்ட கதவுவரை போய்ச் சேர்வதற்கு எனக்குக் காகிதங்கள் வேண்டியிருந்தன. எங்களிடம் இருக்கும் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்றாலும், அதைக் காட்டும் பழைய ஆவணம் எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை. எங்களுக்கு மிஞ்சியது வருமான வழி ஒன்றுதான்: ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்று தாசில்தார் தரும் சான்று. அதற்கு என் கூலியை யாராவது எழுதிக்கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் எழுத்தில் எதையும் கொடுக்கத் தயங்குவார்கள்; நாளைக்கு யார் வந்து என்ன கேட்பார்களோ என்ற அச்சம். எங்கள் பட்டறை பாய் அப்படித் தயங்கவில்லை. "பேட்டி (மகள்) படிக்கட்டும்" என்று சொல்லி, தன் கணக்கு நோட்டைத் திறந்து மாதம் மாதமாகக் கூட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாய், உங்கள் நோட்டில் என் உழைப்பு ஒரு பைசா குறையாமல் எழுதப்பட்டிருந்ததை அன்றுதான் பார்த்தேன். அதற்கும் சேர்த்து நன்றி.

அந்தக் காகிதத்தோடு ஃபோர்ட்டில் பழைய கஸ்டம் ஹவுசில் இருக்கும், அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் சேது மையத்துக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் பக்கத்து வீட்டு மௌசி (மராத்தியில் சித்தி) என்னோடு சயானிலிருந்து ரயில் ஏறி வந்தார். எனக்கு மராத்தி நன்றாகவே வரும், ஆனாலும் அதிகாரிகள் முன்னால் வாய் உலர்ந்துவிடும். மௌசிக்கு அந்தத் தொல்லை இல்லை. உயர்நீதிமன்றம் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். என் மகளின் ஆண்டைத் தீர்மானிக்கும் வழக்கு அங்கே நடந்துகொண்டிருந்தது, நான் இங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு என்ன சொல்வது? விண்ணப்பத்தில் வரைபடத்தைத் திறந்து நம் வீடு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு பலூனை வைக்க வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்கும் எத்தனை தூரம் என்பதை அந்த பலூனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதலிடம். தாராவியின் சந்துகள் வானத்திலிருந்து பார்த்தால் தகரக் கூரைகளாகத்தான் தெரிகின்றன. எது நம் கூரை என்று கண்டுபிடிப்பது எப்படி? பலூன் தவறான இடத்தில் இருந்து, இடம் கிடைத்த பிறகு சரிபார்ப்பில் தள்ளப்பட்ட பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். அண்ணன் கடையை மூடிவிட்டு செல்போனோடு எங்கள் வாசல்வரை நடந்து வந்தார். கோயில் முனை, தண்ணீர்த் தொட்டி, நீலத் தார்ப்பாய் போட்ட கூரை என்று ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து, எங்கள் வீட்டின்மேல் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்துப் பள்ளிகள்வரை தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றின் தூரத்தையும் பார்த்துப் பார்த்து வரிசைப்படுத்தினார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அந்த மே மாதத்தில் அவர் இப்படி எத்தனை வீடுகளுக்கு நடந்தார் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும்.

மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான இடங்கள், இரண்டரை லட்சத்தை நெருங்கும் விண்ணப்பங்கள். ஜூன் 7 அன்று குலுக்கல் நடந்தது. முடிவை உடனே சொல்லவில்லை. தீர்ப்பு வரட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜூன் பாதியில் மும்பைப் பள்ளிகள் திறந்துவிட்டன. ஜூலை பிறந்தது. மகள் வீட்டில் இருந்தாள்.

இந்த இடத்தில்தான் தமிழ்ப் பள்ளி டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீச்சர், இந்த மடலே உங்களுக்காகத்தான்.

மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. ஆனால் தமிழ் வகுப்புகளில் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியர் இடங்கள். எண்ணிக்கை குறைந்தால் இடம் போகும். என் மகளின் பெயர் உங்கள் பதிவேட்டில் ஏறியிருந்தால் உங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்தே, வெட்கத்தோடு, ஆர்டிஇயில் விண்ணப்பித்திருப்பதை உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. "எண்ணிக்கைக்காக ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்வது பாவம் அம்மா. முடிவு வரும்வரை அவள் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம், இங்கே வந்து உட்காரட்டும்" என்றீர்கள். ஐந்து வாரங்கள் அவள் உங்கள் வகுப்பில் இருந்தாள். அந்த ஐந்து வாரங்களில் தமிழ் எழுத்துகளோடு நிறுத்தாமல், அவள் போகப்போகும் பள்ளிக்காக ஆங்கில எழுத்துகளையும், மராத்தியில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வதையும் சொல்லிக்கொடுத்தீர்கள். உங்களை விட்டுப் போகப்போகும் பிள்ளையை, போகும் இடத்துக்காக நீங்களே தயார் செய்தீர்கள். இப்படி ஒருவரை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

முடிவு வந்தது. இடம் கிடைத்தது. பள்ளிக்குப் போனால், இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விதி மாறிய பிப்ரவரிக்குப் பிறகு கட்டணம் கட்டும் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்களாம். அந்தப் பள்ளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. என் மகள் அங்கே படிக்கிறாள், நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் சேர்க்கை கலையாது, ஆனால் 25 சதவீத இடத்தையும் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிப் பள்ளியோடு பேசிய கல்வித்துறை அலுவலர் அம்மாவுக்கு நன்றி. இரண்டாம் நாள் சேர்க்கை முடிந்தது.

முதல் நாள் அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, யார் ஆர்டிஇ, யார் இல்லை என்று ஒருமுறைகூடக் கேட்காத வகுப்பாசிரியைக்கும், தன் மூத்த மகளின் புத்தகங்களைப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தனுப்பிய அந்த இன்னொரு தாய்க்கும் நன்றி.

அரசுக்கும் நன்றி சொல்லி, கூடவே இரண்டு விண்ணப்பங்களையும் வைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 17,670 ரூபாய் என்று பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய தொகையைக் காலத்தில் கொடுத்துவிடுங்கள். அது பாக்கி நிற்கிறது என்று பள்ளிகள் முறையிடுவதில் நியாயம் இருக்கிறது. வராத பணத்தின் எரிச்சல் கடைசியில் எங்கள் பிள்ளைகள்மேல்தான் வந்து விழும். இன்னொன்று மாநகராட்சிக்கு. என் மகன் இன்னும் உங்கள் பள்ளியில்தான் படிக்கிறான், அவனை நான் மாற்றப் போவதில்லை. சீருடை, பை, காலணி என்று நீங்கள் கொடுக்கும் 27 பொருள்கள் இல்லாவிட்டால் எங்கள் ஜூன் மாதம் கடனில்தான் விடியும். கல்விக்கான உங்கள் பட்ஜெட் 2024-25-இல் ஏறத்தாழ 3,500 கோடி. 2025-26-இல் 3,950 கோடியைத் தாண்டியிருக்கிறது. அதில் தமிழ் வகுப்புகளில் ஆசிரியர் இடங்களைக் காப்பாற்ற ஒரு வழி செய்யுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து அந்த டீச்சரை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

டீச்சர், சனிக்கிழமை மாலைகளில் மகளைத் தொடர்ந்து உங்களிடம் அனுப்புகிறேன். புதிய பள்ளியில் தமிழ் இல்லை, அவளுக்கு அது போய்விடக்கூடாது. சென்ற வாரம் "வாழைப்பழம்" என்று பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வந்தாள்.

எங்கள் தெருவில் அடுத்து ஆறு வயதாகும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, சேது மையத்திலிருந்து வருமானச் சான்று ஆகிய மூன்றையும் டிசம்பருக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். விண்ணப்பம் திறந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் ஜெராக்ஸ் கடையில் இருப்பேன். அண்ணனிடம் பேசிவிட்டேன். பலூனை எங்கே வைப்பது என்று இப்போது எனக்கும் தெரியும்.

நன்றியுடன்,
தாராவியிலிருந்து ஒரு தாய்