கப்பல்காரர் மேயரான கதை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடியும் ஹார்பர் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

"வியாபாரிக்கு ஊரை ஆளும் வேலை எதற்கு?" என்று கோபமாகக் கேட்டிருந்தாய். எனக்கு உடனே வில்லியம் ரஸ்ஸல் கிரேஸ் ஞாபகம் வந்தார். உன் தொழில்காரர்தான், கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்து மேலே வந்தவர். நியூயார்க் நகரத்துக்கு இரண்டு முறை மேயராக இருந்தார்.

1832-இல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே வீட்டைவிட்டு ஓடிப்போய்க் கப்பலேறியவர். உருளைக்கிழங்குப் பஞ்சம் நாட்டை உலுக்கிய பிறகு, 1851-இல் அப்பாவோடு தென்னமெரிக்காவில் இருக்கும் பெருவுக்குப் போனார். அப்பா திரும்பிவிட்டார், இவர் காயாவ் துறைமுகத்திலேயே தங்கி ஒரு கப்பல் சப்ளை கம்பெனியில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் பெருவின் செல்வம் பறவை எச்சம்தான். சின்ச்சா தீவுகளில் மழையே கிடையாது என்பதால் கடற்பறவைகளின் எச்சம் காலங்காலமாகக் கரையாமல் மலைபோல் குவிந்து கிடந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை உரமாக வாங்க அப்படி ஒரு போட்டி. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் லோடுக்காக மாதக்கணக்கில் அங்கே நங்கூரம் போட்டு நிற்கும். கயிறு, பாய்த்துணி, தண்ணீர், இறைச்சி என்று எது வேண்டுமென்றாலும் காயாவ் வரை போய்வர வேண்டும். கிரேஸ் ஒரு பழைய கப்பலையே கடையாக்கித் தீவுகளின் அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்! துறைமுகத்துக்கு வெளியே அவுட்டரில் நிற்கும் கப்பலுக்குப் படகில் சாமான் ஏற்றிப்போன உனக்கு இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் மெய்ன் பகுதிக் கப்பல்காரர் ஒருவரின் மகளை 1859-இல் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கடைக்கப்பலிலேயே குடித்தனமும் நடத்தினார்.

ஆனால் முருகேசா, அந்தத் தீவுகளில் எச்சத்தை வெட்டியவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1849-க்கும் 1874-க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை இந்தத் தீவுகளில் வேலைக்கு விட்டார்கள். அடியையும் தூசியையும் தாங்க முடியாமல் பலர் கடலில் குதித்துச் செத்தார்கள். கிரேஸ் அவர்களை வேலை வாங்கிய முதலாளி இல்லை. இருந்தாலும் அவருடைய கடை ஓடியது அந்த உரத்தை ஏற்ற வந்த கப்பல்களால்தான். பஞ்சத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தும் எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று எனக்கு ஆறவே இல்லை.

1860-களின் நடுவில் நியூயார்க் போனார். அங்கே டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனி பெரிய கப்பல் நிறுவனமானது. 1880-இல் அயர்லாந்தில் மறுபடி பஞ்சம் என்றபோது, அமெரிக்காவிலிருந்து கான்ஸ்டலேஷன் என்ற கப்பலில் உதவியாகப் போன உணவுப்பொருள்களில் கால்பங்கு இவர் கொடுத்தது.

அதே ஆண்டு மேயர் தேர்தலில் நின்றார். கத்தோலிக்கர், அதிலும் அயர்லாந்துக்காரர். இவர் வந்தால் அரசுப் பள்ளிகளைச் சர்ச்சிடம் ஒப்படைத்துவிடுவார் என்று எதிரிகள் ஊரெல்லாம் கிளப்பிவிட்டார்கள். சுமார் 3,000 ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். நியூயார்க்கின் முதல் கத்தோலிக்க மேயர் அவர்தான். பள்ளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவைச் சுத்தம் செய்யும் வேலை அதுவரை போலீஸ் வாரியத்தின் கையில் சீரழிந்து கிடந்தது. 1881-இல் அதற்குத் தனித் துறையே உருவானது.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது 1884 தேர்தலால்தான். அந்த ஊர் அரசியலைக் கையில் வைத்திருந்த டாமனி ஹால் கும்பல்தான் முதல் தேர்தலில் இவருக்கு ஆதரவு கொடுத்தது. பதவிக்கு வந்ததும் அவர்கள் சொன்னபடி ஆட மறுத்தார். அடுத்த முறை அவர்கள் நிறுத்திய ஹியூ கிராண்டை எதிர்த்தே நின்று ஜெயித்தார். அவர்கள் வீசும் பதவியையோ பணத்தையோ நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. உன் கேள்விக்கு என் பதிலும் இதுதான். வியாபாரி வரலாம், ஏற்றிவிட்டவனிடம் 'முடியாது' என்று சொல்லும் துணிவோடு வரட்டும்.

சுதந்திர தேவி சிலை 1885-இல் பிரான்சிலிருந்து 214 பெட்டிகளில் வந்து இறங்கியபோது மேயர் நாற்காலியில் இருந்தவரும் இவர்தான். அப்புறம் 1897-இல், ஏழைப் பெண்கள் தையல், தட்டச்சு, சுருக்கெழுத்து எல்லாம் காசில்லாமல் படிக்க கிரேஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். 1904-இல் காலமானார். மேயர் பதவியைவிட அந்தப் பள்ளியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நீ என்ன நினைக்கிறாய்? ஒத்துக்கொள்ளாவிட்டால் அதையும் விளக்கமாக எழுது. மாசி கடைசியில் அங்கே வருவதாக இருக்கிறேன், தங்கச்சியிடம் சொல்லிவை. மாத்திரையை நிறுத்திவிடாதே.

உன்,
செல்வராஜ்